கதவைத்

குரல் மட்டும்தான் கீழே வருகிறது. ஆள் மிளகுக் கொடிக்குள் இருக்கிறார். பலா மரத்தைச் சுற்றி ஏறியிருக்கும் கொடியில் ஒற்றை மூங்கிலைச் சாத்தி, கணுவுக்குக் கணு விட்டுவைத்திருக்கும் முளைக்குச்சிகளில் கால் பெருவிரலை ஊன்றி, இடுப்பில் கட்டிய பைக்குள் சரம் சரமாகப் பறித்துப் போட்டபடி அர்த்தனாரி கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். கீழே சிந்தியதைப் பொறுக்கும் பெண்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்தால் கண்ணில் தூசி விழும். குனிந்த தலை நிமிராமல் காதை மட்டும் மேலே கொடுத்திருக்கிறார்கள்.

"அக்காகாரி பொஸ்தகத்துக்குள்ள காலெடுத்து வெச்சுட்டா. உள்ளயும் போயிட்டா. தம்பி தனியா நிக்கிறான். நின்னவன் அந்தக் கதவைத்..."

அங்கே நிறுத்திவிடுவார். மிளகுச் சரம் காம்போடு ஒடிகிற சத்தம் மட்டும் கேட்கும்.

"இன்னைக்கு என்னங்க பண்றான்?" என்பாள் கண்ணாயி. பக்கத்து வீட்டுக்காரி, மிளகுக் காலம் தவறாமல் வேலைக்கு வருகிறவள்.

"இரு தாயி. அவன் யோசிக்கோணுமில்ல?"

கொல்லிமலையின் அரியூர் நாட்டில் அர்த்தனாரியின் கதையைக் கேட்காத ஆள் இல்லை. ஒரே முடிவை இரண்டு முறை கேட்ட ஆளும் இல்லை. அதற்குக் காரணம் அவருடைய கற்பனை வளம் என்று நினைத்துவிடக் கூடாது. அவரிடம் இருப்பது பாதிப் புத்தகம். அதுவும் முன்பாதி. அதன் கடைசிப் பக்கத்தின் கடைசி வரி, "தம்பி அந்தக் கதவைத்" என்று முடிகிறது. முடிகிறது என்று சொல்வதுகூடத் தப்பு. நம் மொழியில் செய்தவன் முதலிலேயே வந்துவிடுவான், செய்த காரியம் கடைசியில்தான் வரும். அந்தக் கடைசி, அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அடுத்த பக்கம் திண்ணனூர் நாட்டில், அவருடைய அக்காள் பாவாயியின் வீட்டில் இருக்கிறது.

ஆனால் அர்த்தனாரி இஷ்டத்துக்கு அடித்துவிடுகிறவர் அல்ல. அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வளையல்காரர். மலைக்கு வியாபாரத்துக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் அவர்கள் வீட்டில் படுத்துக் கிடந்தவர். பொழுது போகாமல், பெட்டியிலிருந்த ஒரே புத்தகத்தை வைத்து அக்காளுக்கும் தம்பிக்கும் எழுத்துக் கூட்டக் கற்றுக் கொடுத்தார். மழை விட்டதும் புத்தகத்தை அவர்களிடமே விட்டுவிட்டு இறங்கிப் போனார். அவர் சொல்லிப் போன பாடங்களில் ஒன்று ஒற்றெழுத்தைப் பற்றியது. "வார்த்தை ‘த்’துன்னு நிக்குதா? அப்போ அடுத்த ஊட்டுல இருக்கறவன் தகர வம்சம்னு தெரிஞ்சுக்கோங்க" என்றாராம். அர்த்தனாரி அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கதவைத் திறந்தான், கதவைத் தட்டினான், கதவைத் தள்ளினான், எதுவும் சரி. கதவை உடைத்தான் என்று ஒரு முறை யாரோ யோசனை சொன்னபோது, "அது இலக்கணத்துக்கு ஆகாது" என்று மரத்திலிருந்தே மறுத்துவிட்டார்.

தகர வம்சத்தை வைத்துக்கொண்டு அவர் செய்திருக்கும் வித்தைகள் கொஞ்சமல்ல. மழை பொய்த்த வருஷம் தம்பி கதவைத் தட்டினான். உள்ளேயிருந்து இடி பதில் சொன்னது. வேலைக்கு வந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், தம்பி கதவைத் திட்டினான். கொல்லிமலையில் புழங்கும் வசவு அத்தனையும் அந்தக் கதவுக்குக் கிடைத்தது. கடைசியில் கதவு அழுதுவிட்டது. இன்னொரு நாள் கதவைத் தின்றான். தம்பி கறையானாகப் பிறந்த கதை அது. பெண்கள் மிளகை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணாயியின் தாய் செத்துப் பதினாறு முடிந்து அவள் வேலைக்கு வந்த முதல் நாள், யாரும் கதை கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார். அன்று தம்பி கதவைத் தடவினான். அந்தப் பக்கம் யாரோ முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பது போலப் பலகை கதகதப்பாக இருந்தது என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். கண்ணாயி அன்று ஒரு கூடை மிளகைப் பொறுக்கிவிட்டு, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்த முடிவை மறுபடி சொல்லச் சொல்லி அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். "அது உனக்குன்னு வந்துது. போயிருச்சு" என்பார்.

கதை என்னவென்றால், ஓர் அக்காளும் தம்பியும் தேனெடுக்கப் போன இடத்தில், பாறை இடுக்கில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுக்கிறார்கள். எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்களோ அந்தப் பக்கத்தில் இருப்பது வெளியே வரும். மழைப் பக்கத்தைத் திறந்தால் மழை. யானைப் பக்கத்தைத் திறந்துவிட்டு மூட மறந்ததில் ஊர் வாழைத் தோட்டமே காலியாகிறது. ஒரு பக்கத்தில் ஒரு கதவு மட்டும் இருக்கிறது. அந்தக் கதவுக்குள்தான் அக்காள் போய்விடுகிறாள். இதைப் படித்த அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரு பெரிய சந்தேகம் வந்தது. கதையில் வரும் புத்தகம் இதே புத்தகமாக இருந்துவிட்டால்? ஏனென்றால் இதற்கு மேலட்டை இல்லை, பேர் இல்லை, எழுதியவர் யாரென்றும் இல்லை. வளையல்காரர் கைக்கு வரும்போதே மொட்டையாகத்தான் இருந்தது. சோதித்துப் பார்க்க மழைப் பக்கத்தைத் திறந்தார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐப்பசியில் மலையில் மழை கொட்டாமல் வேறென்ன கொட்டும். ஆனால் பிள்ளைகளுக்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது. யானைப் பக்கம் வந்தால் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே புரட்டாகப் புரட்டிவிடுவார்கள்.

அவர்கள் படித்த விதம் தனி. அக்காள் எழுத்தின் மேல் விரலை வைப்பாள். தம்பி அவள் விரல்மேல் தன் விரலை வைப்பான். இரண்டு விரலும் சேர்ந்து நகரும். ஒருவரை விட்டு ஒருவர் படிக்கக் கூடாது என்று மழைப் பக்கத்தின் மேல் சத்தியம்.

சத்தியத்தை மீறியது பாவாயி. சாமைக் காட்டில் பரண்மேல் காவல் இருந்தபோது முழுப் புத்தகத்தையும் தனியாகப் படித்துவிட்டாள். தம்பிக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், அன்றிலிருந்து அவள் விரல் கதவுக்கு மேல் போக மறுத்தது. அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவாள்.

"அப்பறம் என்னக்கா ஆச்சு?"

"இதுக்கு மேல வேண்டாஞ் சாமி. மொதல்ல இருந்து படிக்கலாம்."

கெஞ்சினான். அழுதான். ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. படித்துவிட்ட கர்வம் என்று அர்த்தனாரி முடிவு கட்டிவிட்டார். திருட்டுத்தனமாக எடுத்துப் படித்திருக்கலாமே என்று இப்போது யாராவது கேட்டால், "நானுமா சத்தியத்த மீறுவேன்?" என்று கேட்டவர்மேல் பாய்வார். அந்தக் கோபம் இன்னும் சூடு ஆறாமல் இருக்கிறது.

தகப்பனார் போன பிறகு பாவாயிக்குத் திண்ணனூர் நாட்டில் மாப்பிள்ளை அமைந்தது. சீராக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, அந்தப் புத்தகம் போதும் என்றாள். தம்பி தர மாட்டேன் என்று நின்றார். பேச்சு வளர்ந்து, ஊர்க்கவுண்டரிடம் போனது. ஊர்க்கவுண்டருக்கு எழுத்துத் தெரியாது, பாகம் பிரிக்கத் தெரியும். காடாக இருந்தால் என்ன, கடுதாசியாக இருந்தால் என்ன, மூத்தது பிரிக்க வேண்டும், இளையது முதலில் எடுக்க வேண்டும். அதுதான் முறை. பாவாயி புத்தகத்தை வாங்கி, தேடாமல் தடுமாறாமல் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். ஊர்க்கவுண்டர் அந்த இடத்தில் அரிவாளால் தையலை அறுத்தார். இரண்டு பாதிகளும் முறத்தில் வைக்கப்பட்டன.

இனி இளையவர் எடுக்க வேண்டும். அர்த்தனாரி முன்பாதியை எடுத்தார்.

மலையில் பள்ளத்து வயல்கள் படிப்படியாக இறங்கும். ஊற்றுத் தண்ணீர் முதலில் பாய்வது தலைமடைக்குத்தான். தலைமடை குடித்த மிச்சம்தான் கடைமடைக்கு. பாகத்தில் தலைமடையை விட்டவனை ஊர் மடையன் என்று சொல்லும். அந்த வயதில் அர்த்தனாரிக்குத் தெரிந்த சொத்து வயல் ஒன்றுதான். முன்னே இருப்பது தலைமடை என்று கை தானாகப் போய்விட்டது. எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான், கதையில் தண்ணீர் கடைமடையில் போய்த் தேங்குகிறது என்பது உறைத்தது. அதைவிட உறைத்தது இன்னொன்று. அவர் முன்பாதியில் கை வைத்தபோது அக்காள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஏமாற்றிவிட்ட நிம்மதி என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமாகிப் புறப்பட்டவளிடம், "அந்தப் பாதிய வெச்சுக்கிட்டு எங்க ஊட்டு வாசல மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். அவள் மிதிக்கவில்லை. அவள் வராததால் இவரும் போகவில்லை. அக்காள் பிள்ளைகளின் காது குத்துக்கு மாமன் சீரை வேறு ஆள் கையில் கொடுத்தனுப்பினார். இப்படியே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

முன்பாதி அடுப்புக்கு மேலே, மிளகுச் சாக்கில் சுற்றித் தொங்குகிறது. புகை பட்டுப் பூச்சி அண்டாது, தாளும் கறுத்துவிட்டது. மிளகு வாங்க அடிவாரத்திலிருந்து வரும் நாச்சிமுத்து ஒரு முறை, "ஏனுங்க, சேலத்துக் கடையில இன்னொண்ணு வாங்கியாரட்டுமா?" என்று ஆசை காட்டினார். போய்க் கேட்டபோது கடைக்காரர் புத்தகத்தின் பேரைக் கேட்டாராம். பேர் தெரியாது, ஓர் அக்காளும் தம்பியும் வருவார்கள் என்று நாச்சிமுத்து சொல்ல, பேர் தெரியாத பிள்ளைகளைப் போலீசில்தான் தேட வேண்டும் என்று அனுப்பிவிட்டாராம். திண்ணனூர் நாட்டு ஆள் ஒருவர் ஆடித் திருவிழாவில், "உங்கக்கா அந்தக் கதைய எங்களுக்குச் சொல்லியிருக்குதுங்க, கதவுக்கு அப்பறம்..." என்று ஆரம்பித்ததும் அர்த்தனாரி இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு கூட்டத்தை விட்டே போய்விட்டார். கேட்டால் அக்காளிடம்தான் கேட்க வேண்டும். அக்காளிடம் கேட்கவும் மாட்டார்.

"அக்காகாரிகிட்ட ஒத்தச் சொல்லு கேக்க வாய் வராது. மரத்து மேல நின்னு ஊருக்கே சொல்ல மட்டும் வாய் வருது" என்பாள் அவர் மனைவி சின்னக்கண்ணு. அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்.

இந்த வருஷம் தை மாதம் ஒரு முற்பகல், தம்பி கதவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டிருந்தான். பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று சிரிப்பு நின்றது. அர்த்தனாரி இலையை விலக்கிப் பார்த்தார். மரத்தடியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காளியண்ணன் நின்றிருந்தார். பாவாயியின் புருஷன்.

"கதைய முடிச்சுட்டே வாங்க மாப்ளே. அவசரமில்லீங்க" என்றார் அவர்.

கதை முடியவில்லை. அர்த்தனாரி பாதி ஏணியிலிருந்தே குதித்து இறங்கினார்.

"அக்காளுக்கு ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்துருச்சுங்க. ஆளு நெழலாட்டம் தெரியுது. எழுத்துத் தெரிய மாட்டேங்குது. பொஸ்தகத்த மடியில வெச்சுக்கிட்டுத் தடவிக்கிட்டே உக்காந்திருக்கறா. தம்பிய வந்து படிச்சுக் காட்டச் சொல்லுங்கன்னா. அதான் வந்தேன்."

இதைக் கேட்டதும் அர்த்தனாரியின் மனசுக்குள் முதலில் வந்தது அக்காளின் கண் அல்ல. அந்தச் சொல். கேட்காமலே அது கைக்கு வரப்போகிறது. கண் இரண்டாவதாகத்தான் வந்தது. வந்தபோது அவருக்குத் தன்மேல் அப்படி ஓர் அருவருப்பு உண்டாயிற்று. பையிலிருந்த மிளகைக் கண்ணாயியின் கூடையில் கொட்டிவிட்டு, வீட்டுக்கு நடந்தார். காளியண்ணனிடம் முன்பே சேதி கேட்டிருந்த சின்னக்கண்ணு ஏற்கெனவே மிளகுச் சாக்கை இறக்கி, முன்பாதியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் அர்த்தனாரியும் காளியண்ணனும் இரண்டு ஓடைகளைத் தாண்டித் திண்ணனூர் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பாவாயி வாசலில் காயும் சாமைக்குப் பக்கத்தில், கோழி விரட்டும் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். காலடி கேட்டு முகத்தைத் திருப்பினாள்.

"ஆரு?"

"நாந்தாங்க்கா."

"கொரலு அப்பனாட்டமே ஆயிருச்சு" என்றாள். கொஞ்ச நேரம் குச்சியால் மண்ணைக் கீறினாள். "நடந்து வந்திருக்கற. மொதல்ல சாப்புடு."

களியும் கீரையும் போட்டார்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. மரத்தின்மேல் நின்று அவர் சொல்லும் முடிவுகள் உப்பு வியாபாரிகள் வழியாக இங்கேயும் வந்துசேர்வதாகச் சொன்னாள். "கதவைத் திங்கறானாமே. அத நெனச்சு நெனச்சுச் சிரிச்சன்" என்றாள். பிறகு சாமைக் குதிருக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய பின்பாதியை எடுத்தாள். அது வெளுப்பாக இருந்தது. சாமை வாசம் அடித்தது.

"மொதல்ல இருந்து படி."

அர்த்தனாரி தன் பாதியைப் பிரித்தார். பார்க்காமலே சொல்லக்கூடியவர் அன்று எழுத்தெழுத்தாகப் பார்த்துப் படித்தார். பாறை இடுக்கு வந்தது. மழை வந்தது. யானைப் பக்கம் வந்தபோது இருவரும் ஒரே சமயத்தில் மூச்சைப் பிடித்து, அதை உணர்ந்து சிரித்தார்கள். கதவு வந்தது. அக்காள் உள்ளே போனாள். தம்பி அந்தக் கதவைத்.

கறுத்த பாதியைக் கீழே வைத்துவிட்டு வெளுத்த பாதியைத் திறந்தார். முதல் பக்கம், முதல் வரி, முதல் சொல்.

தாழிட்டான்.

அர்த்தனாரியின் ஊரில் எந்த வீட்டுக்கும் தாழ் கிடையாது. மூங்கில் படலைச் சாத்துவார்கள், மாடு வராமல் கயிற்றை மாட்டுவார்கள். இத்தனை வருஷமாகத் தகர வம்சத்தில் ஒருவரை விடாமல் கூப்பிட்டுப் பார்த்தவருக்கு இந்த ஒருவன் மட்டும் தோன்றவே இல்லை. அக்காளை உள்ளே விட்டு, தம்பி வெளியே நின்று தாழிட்டுவிட்டான். பரண்மேல் தனியாக உட்கார்ந்து அதைப் படித்த பெண்ணை அவர் நினைத்துப் பார்த்தார். இதுக்கு மேல வேண்டாஞ் சாமி என்று அவள் புத்தகத்தை மூடியது ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது. தேடாமல் அந்த இடத்தில் விரல் வைத்தது ஏன், அவர் முன்பாதியை எடுத்ததும் அந்த நிம்மதி ஏன் என்பதும் தெரிந்தது. அந்தச் சொல் தம்பி கண்ணில் படக் கூடாது என்பதற்காகத்தான் அவள் அந்தப் பாதியைத் தூக்கிக்கொண்டு மலையின் மறுபக்கம் வந்திருக்கிறாள். வாசல மிதிக்காத என்று தான் சொன்னதும் அப்போது ஞாபகம் வந்தது. தாழ் இல்லாத ஊரில் அவரும் ஒரு தாழைப் போட்டுத்தான் வைத்திருந்தார். வெட்கத்தில் அவர் காது சூடாகியது.

"என்ன போட்டிருக்குது?" என்றாள் பாவாயி. பூ விழுந்த கண்கள் அவர் இருக்கும் பக்கமாகப் பார்த்தன.

"திறந்தான்னு போட்டிருக்குதுங்க்கா."

கோழி ஒன்று சாமையில் வாய் வைத்தது. பாவாயி அதை விரட்டவில்லை.

"அப்பிடியா" என்றாள். "நான் படிச்சப்ப வேற என்னமோ இருந்தாப்பல இருந்துது. எங் கண்ணு அப்பவே சரியில்ல போல."

நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டித் தாளின் ஓரத்தைத் தடவி, மேலே போய், முதல் வரியின் முதல் சொல்லின்மேல் சரியாக ஆள்காட்டி விரலை வைத்தாள். அர்த்தனாரி தன் விரலை அவள் விரல்மேல் வைத்தார். மிளகுச் சாறு பட்டுக் கறுத்த விரல் அது. அவள் விரல் அந்தச் சொல்லை விட்டு எழும்பி, அதைத் தாண்டி, அடுத்த சொல்லில் போய் இறங்கியது.